கொண்டைக்குருவிக் கூட்டைப் பூனை பார்த்துவிட்டது, கதவைச் சாத்துவதா வேண்டாமா?

செம்பருத்திவேலி:
நேற்று காலை நடந்தது இது. எங்கள் பூனைக்கு நான்கு வயது. குட்டியாக இருந்ததிலிருந்தே கதவு திறந்தால் வெளியே, பசித்தால் உள்ளே என்று வளர்ந்தது. பின்பக்கச் செம்பருத்தியில் ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது, என் தோள் உயரம்தான். நேற்று அதில் ஒன்று கீழே இறங்கித் தத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் பார்த்தது அதற்கு அப்புறம் நடந்ததை. பூனை குஞ்சைக் கவ்விக்கொண்டு வந்து சமையலறை வாசலில் வைத்துவிட்டு, ஏதோ வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டதுபோல என் முகத்தைப் பார்க்கிறது. குஞ்சுக்கு உயிர் இருந்தது. ரத்தம் இல்லை, இறக்கையும் நன்றாகத்தான் இருந்தது. அட்டைப்பெட்டியில் துணி போட்டு வைத்தேன், பிழைத்துவிடும் என்று மகளிடம் வேறு சொல்லிவிட்டேன். சாயங்காலம் திறந்து பார்த்தால் விறைத்துக் கிடக்கிறது.

மகள் பூனையோடு பேசுவதில்லை. கணவரோ, பூனை பூனையின் வேலையைத்தான் செய்தது என்கிறார். கூட்டில் இன்னும் இரண்டு இருக்கின்றன. பூனையை உள்ளே அடைத்துவிடலாமா? கொஞ்ச நாளைக்கா, இல்லை இனி எப்போதுமேவா? நேற்று இரவு அடைத்துப் பார்த்தேன், விடியும்வரை கதவைப் பிறாண்டியது, வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை.

கீச்சுக்குரல்:
ரத்தம் இல்லை என்பதை நம்பாதீர்கள். அடிபட்ட பறவைகளை எடுத்துத் தேற்றிப் பறக்கவிடும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன், அதில் பூனை வாயிலிருந்து வருபவைதான் எனக்குப் பயம். பூனையின் பல் ஊசி மாதிரி, இறகுக்கடியில் அது இறங்கிய இடமே தெரியாது. பூனை வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா அந்தத் துளை வழியாக ரத்தத்தில் கலந்துவிட்டால் சின்னப் பறவை ஓரிரு நாள்கூடத் தாங்காது. உடனே கால்நடை மருத்துவரிடம் போய் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, பலருக்கும் தெரியாத விஷயம் இது.

ஆனால் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். கதவைச் சாத்துங்கள், எப்போதைக்குமாக.

மதில்மேல்பூனை:
ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு வருடம் மதிலும் மரமுமாகத் திரிந்த உயிரை ஒரே நாளில் நான்கு சுவருக்குள் பூட்டச் சொல்வது எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். நான் பூட்டிப் பார்த்தவன். முன்பு ஐந்தாவது மாடியில் இருந்தோம், ஒன்றரை வருடம் எங்கள் பூனை வெளியே கால் வைக்கவில்லை. வயிற்று முடியை நக்கி நக்கியே வழித்துவிட்டது, பிறந்த எலிக்குஞ்சு மாதிரி தோல் தெரிந்தது. தோல் நோயோ என்று எல்லாச் சோதனையும் எடுத்து, ஒன்றும் இல்லை, மன உளைச்சல்தான் என்றார் மருத்துவர். தோட்டம் உள்ள வீட்டுக்கு மாறிய மூன்றாவது மாதத்தில் முடி தானாக வளர்ந்துவிட்டது. குருவிமேல் இருக்கும் இரக்கத்தில் கொஞ்சம் பூனைமேலும் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இரக்கம் இருக்கட்டும், எண்ணிக்கையைப் பார்ப்போம். 2013இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. அமெரிக்காவில் மட்டும், வெளியே திரியும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன. எலி, அணில், முயல் கணக்கு தனி, அது 630 கோடியில் தொடங்குகிறது.

எங்கள் பூனை சோம்பேறி, எப்போதாவது ஒன்றைத்தான் பிடிக்கும் என்று சொல்பவர்களுக்காக இன்னொன்று. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமராவைக் கட்டிவிட்டார்கள். பிடித்தவற்றில் வீட்டுக்கு வந்தது 23 சதவீதம்தான். 28 சதவீதத்தை அங்கேயே தின்றன, மீதியைக் கொன்று போட்டுவிட்டு வந்துவிட்டன. உங்கள் வாசலில் ஒன்று கிடந்தால் வேலியோரம் இன்னும் இரண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதில்மேல்பூனை:
அந்த 2013 கட்டுரையை முழுசாகப் படித்தீர்களா? பறவைச் சாவில் ஏறக்குறைய 69 சதவீதம் வளர்ப்பவர் இல்லாத பூனைகளின் கணக்கு என்று அதிலேயே இருக்கிறது. சோறு போட்டு வளர்க்கிற எங்களைப் பிடித்து ஏன் உலுக்குகிறீர்கள்? அதே நாட்டில் கட்டடக் கண்ணாடியில் மோதியே வருடத்துக்கு 36 கோடிக்கு மேல் பறவைகள் சாகின்றன என்றும் கணக்கு உண்டு. ஜன்னலை எல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
மீதி 31 சதவீதம் என்றால் 130 கோடியில் 40 கோடி. குறைந்தபட்ச மதிப்பீட்டிலேயே உங்கள் செல்லங்கள் கண்ணாடியை முந்துகின்றன. தவிர, கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நெருக்கமாகப் புள்ளி ஒட்டினால் மோதுவது குறையும், ஒட்டுகிறவர்கள் ஒட்டத்தான் செய்கிறார்கள். ஜன்னலுக்குச் செய்வதைக்கூடப் பூனைக்குச் செய்ய மாட்டேன் என்கிறீர்கள்.

எலிப்பொறி:
எல்லோரும் குருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். பூனையை உள்ளே போட்டால் எலியை யார் பார்ப்பது? எங்கள் வீட்டில் பூனை வந்த பிறகுதான் கோழித்தீவனத்தைத் திறந்து வைக்க முடிகிறது.

கணக்குப்பிள்ளை:
நியூயார்க்கில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் பெரிய எலிகளுக்கு மத்தியில் பூனைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள், 2018இல் வெளியானது. பூனைகள் கொன்றது மொத்தம் இரண்டே எலி. பூனை நடமாட்டம் இருந்த நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது குறைந்தது, அவ்வளவுதான். உங்கள் எலியும் போயிருக்காது, ஒளிந்திருக்கும். தீவனத்தை மூடிய தகர டப்பாவில் வையுங்கள்.

எலிப்பொறி:
ஒளிந்திருந்தாலும் எனக்குப் போதும். குப்பைக் கூடமும் என் வீடும் ஒன்றா? அப்புறம் பூனையைப் பூட்டுகிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், எலி மருந்து வைப்பார்கள். எங்கள் முந்தைய பூனை அப்படித்தான் போனது. யாரோ வைத்த மருந்தைத் தின்ற எலி தள்ளாடியபடி எங்கள் முற்றத்துக்கு வந்திருக்கிறது, இது லேசாகப் பிடித்துத் தின்றுவிட்டது. அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாது, சாப்பிட்ட அன்று ஒன்றுமே தெரியாது. நான்காம் நாள் ஈறு வெளுத்து, மூச்சு இரைத்து, மூக்கில் ரத்தம் வந்தபோதுதான் ஓடினோம். வைட்டமின் கே1 முன்கூட்டியே ஆரம்பித்திருந்தால் பிழைத்திருக்கும் என்றார்கள். ஆந்தைக்கும் இதே கதிதான், எலியைத் தின்கிற எதற்கும். எனவே குருவிக்காகப் பூனையைப் பூட்டச் சொல்பவர்கள், மருந்து வைப்பதற்கும் இதே கோபத்தைக் காட்டுங்கள்.

கீச்சுக்குரல்:
இதில் உங்களோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். ஆனால் பாருங்கள், உங்கள் பூனை உள்ளே இருந்திருந்தால் அந்த எலியைத் தின்றிருக்காது.

எலிப்பொறி:
தெரியும். அதை நான் யோசிக்காத நாள் இல்லை.

வாலாட்டி:
நாய் வளர்க்கிறவன், இடையில் வருகிறேன். எங்களவன் பறவையைத் தொட மாட்டான், தேரை என்றால் விட மாட்டான். கவ்வியதும் வாயெல்லாம் நுரை தள்ளும், ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் துடைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் போட வேண்டும். இரண்டு முறை ஆனபின் இருட்டியதும் கயிறு போட்டுத்தான் வெளியே அழைத்துப்போகிறேன். நாயைக் கட்டினால் ஒருவரும் சிறை என்று சொல்வதில்லை, பூனையைக் கட்டினால் மட்டும் மனித உரிமைக் கமிஷனே வந்துவிடுகிறது.

செம்பருத்திவேலி:
எல்லோருக்கும் நன்றி, சண்டைக்கும் சேர்த்து. கழுத்தில் மணி கட்டினால் போதும் என்று மாமியார் சொல்கிறார். கட்டலாமா?

கணக்குப்பிள்ளை:
பூனைக்கு யார் மணி கட்டுவது என்பது பழைய கேள்வி. கட்டினால் பலன் உண்டா என்பதுதான் புதுக் கேள்வி. மணியால் வேட்டை குறைந்தது என்று முந்தைய ஆய்வுகள் சில சொன்னன. 2021இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்துப் பார்த்ததில் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. பளிச்சென்ற பல வண்ணத் துணிக் கழுத்துப்பட்டை போட்டபோது பறவை 42 சதவீதம் குறைந்தது, பறவைக்கு நிறம் கண்ணில் படுகிறது போல. தானியம் சேர்க்காத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு 36 சதவீதம் குறைத்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் இறகோ பொம்மையோ ஆட்டி வேட்டை விளையாட்டு விளையாடினால் 25 சதவீதம். உணவைத் தேடி எடுக்கவைக்கும் புதிர்ப் பாத்திரம் கொடுத்தவர்கள் வீட்டில் மட்டும் வேட்டை கூடிவிட்டது, பசியில் எரிச்சலோ என்னவோ.

மதில்மேல்பூனை:
ஒரு நிமிடம். இந்த 42, 36 எல்லாம் பூனை வீட்டுக்குக் கொண்டுவந்ததை எண்ணியதுதானே? கொண்டுவருவது கால்வாசிகூட இல்லை என்று மேலே சொன்னதும் நீங்கள்தான்.

கணக்குப்பிள்ளை:
சரி, அது நியாயமான பிடி. வீட்டுக்கு வந்தது குறைந்தது என்றுதான் சொல்ல முடியும், வேலியோரம் கிடப்பதை யாரும் எண்ணவில்லை. அதனால்தான் கதவே நல்லது என்கிறேன். ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அதிலும் அதற்கு முன் பிறந்த பூனைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், உங்கள் ஆறுதலுக்குச் சொல்கிறேன்.

மதில்மேல்பூனை:
அதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்? புதிதாகக் குட்டி எடுப்பவர் உள்ளேயே வளர்க்கட்டும், அதற்கு வெளியே என்று ஒன்று இருப்பதே தெரியாது. இந்தப் பூனைக்குத் தெரியும். கூடு காலியாகும்வரை பூட்டுங்கள், அதை மறுக்கவில்லை. அப்புறம் வெயில் ஏறிய பிறகு திறந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் உள்ளே கூப்பிடுங்கள். விடியலிலும் அந்தியிலும்தான் வேட்டை மும்முரம்.

கீச்சுக்குரல்:
குஞ்சு தரையில் தத்துவது நடுப்பகலிலும்தான். இருந்தாலும், நீங்கள் இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது. செம்பருத்தி, ஒன்று மட்டும். மீதிக் குஞ்சு தரையில் இருந்தால் தூக்கிக் கிளையில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை, பயப்பட வேண்டாம்.

செம்பருத்திவேலி:
நான்கு நாள் கழித்து வருகிறேன். பூனையைப் பூட்டினோம். முதல் இரண்டு இரவு நரகம். மூன்றாம் நாளிலிருந்து சாயங்காலம் மகளே ஒரு குச்சியில் இறகைக் கட்டி ஆட்டுகிறாள், பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. பகலெல்லாம் பூனை ஜன்னலில் உட்கார்ந்து குருவியைப் பார்த்துத் தாடை நடுங்கக் கக்கக்கென்று ஒரு சத்தம் போடுகிறது. இன்று காலை இரண்டு குஞ்சும் இறங்கிவிட்டன. ஒன்று செம்பருத்தியின் அடிக்கிளையில் இருக்கிறது. இன்னொன்றைக் காணவில்லை. பூனை உள்ளேதான் இருந்தது, சத்தியமாக.

மதில்மேல்பூனை:
காக்கையாக இருக்கும். எல்லாப் பழியும் பூனைக்கு.

கீச்சுக்குரல்:
செத்திருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். சரியாகப் பறக்க வரும்வரை புதருக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். தள்ளி நின்று தாயையும் தகப்பனையும் கவனியுங்கள், வாயில் புழுவோடு எங்கே போகிறார்களோ அங்கேதான் குஞ்சு.

செம்பருத்திவேலி:
அரை மணி நேரம் நின்று பார்த்தேன். இரண்டும் மாறி மாறிப் புழுவோடு வேலிக்கு அந்தப் பக்கம் போகின்றன. பக்கத்து வீட்டு மருதாணிப் புதர்.

அவர்கள் வீட்டில் இரண்டு பூனை. போய்க் கதவைத் தட்டத்தான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.