மடக்குக் கத்தி சீக்கிரம் மழுங்குகிறது, பவுடர் ஸ்டீலுக்கு மாறலாமா? (அவசரம்)

புதுமடக்கு:
எல்லோருக்கும் வணக்கம். பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். எலும்புப் பிடி, பித்தளை லைனர் (பிடிக்குள் இருக்கும் தகடு), பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கூர் நிற்கவே மாட்டேன் என்கிறது. தீட்டியதும் காகிதத்தைச் சத்தமில்லாமல் அறுக்கிறது, இரண்டு மூன்று அட்டைப் பெட்டி பிரித்தால் போச்சு, இழுபடுகிறது. இதே மாடல் எஸ்90வி என்ற பவுடர் ஸ்டீல் (எஃகைத் தூளாக்கி அழுத்திச் செய்வது) அலகோடும் வருகிறது, விலைதான் கையைக் கடிக்கிறது. வாங்கலாமா வேண்டாமா? இருப்பு தீர்வதற்குள் முடிவு செய்யணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

சாணைக்கல்:
இப்போது இருப்பது என்ன எஃகு? எதில் தீட்டுகிறீர்கள்? என்ன கோணம்? இது மூன்றும் தெரியாமல் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

ஓரக்கண்:
அலகு பிடியோடு சேரும் இடத்தில் ஏதாவது எண்ணோ எழுத்தோ அடித்திருக்கிறதா பாருங்கள். போட்டோ இருந்தால் இன்னும் நல்லது, அலகைப் பக்கவாட்டில் வைத்து எடுக்காமல் விளிம்புக்கு நேராக வைத்து எடுங்கள்.

வனேடியம் வேலு:
யோசிக்காமல் வாங்குங்கள் ப்ரோ. எஸ்90வி-யில் 9 சதவீதம் வனேடியம். அந்த உலோகம் கார்பனோடு சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு துகள் அலுமினியம் ஆக்சைடை விடக் கடினம், அதாவது சாதாரண சாணைக்கல்லின் மணலை விடக் கடினம். அட்டையில் இருக்கும் தூசியும் களிமண் துகளும்தான் விளிம்பைத் தேய்க்கின்றன. அதைத் தாங்க இந்தக் கார்பைடு வேண்டும். ஒருமுறை பழகிவிட்டால் பழைய எஃகைத் தொட மனசு வராது.

பழைய இரும்பு:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று மேலே தேடல் பெட்டியில் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தம்பி, கூர் நிற்கவில்லை என்று வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எஃகில் குறை இருக்காது, கையில்தான் இருக்கும். தீட்டத் தெரியாதவரிடம் எஸ்90வி போனால், சீக்கிரம் மழுங்குகிற கத்தி போய், மழுங்கியபின் தீட்டவே முடியாத கத்தி வரும். அவ்வளவுதான் லாபம்.

கார்பன் காதலன்:
1095 என்ற கார்பன் எஃகுக் கத்தி வாங்குங்கள். ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன், கொஞ்சம் மாங்கனீஸ், வேறொன்றும் பெரிதாக இல்லை. கல்லில் நாலு இழுப்பு, கூர் வந்துவிடும். பழைய பாணிக் கத்திக்கு அதுதான் பொருத்தம்.

புதுமடக்கு:
எண் எதுவும் இல்லை. ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் இருக்கிறது. தீட்டியது சாதாரணமாகத்தான்.

சாணைக்கல்:
சாதாரணமாக என்றால்?

ஓரக்கண்:
நானும் அதையே கேட்க வந்தேன்.

பழைய இரும்பு:
இதைத்தான் சொன்னேன்.

வனேடியம் வேலு:
வெறும் ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் அடித்திருந்தால் அநேகமாக 420 என்ற மலிவான ஸ்டெயின்லெஸ் வகைதான். எஃகின் பெயரைச் சொல்லத் தயங்குகிற கம்பெனிக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

ஓரக்கண்:
அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது வேலு. விக்டோரினாக்ஸ் அலகில் எஃகின் பெயரைத் தேடிப் பாருங்கள், இருக்காது. ராக்வெல் கடின அளவில் 56 வாக்கில் பதம் வைத்த (சூடாக்கிக் குளிர்வித்த) சாதாரண ஸ்டெயின்லெஸ்தான் அது. பல தலைமுறையாக உலகம் முழுக்க அந்தக் கத்தியை வைத்துப் பழம் வெட்டுகிறார்கள், கயிறு அறுக்கிறார்கள். பக் கம்பெனியின் 110 மடக்குக் கத்தி 1964-இல் வந்தது. இன்றைக்கும் அதன் சாதாரண மாடல் 420எச்சி-யில்தான் வருகிறது. கார்பன் 0.45 சதவீதம் வாக்கில். ஏட்டில் பார்த்தால் ஏழை எஃகு. ஆனால் பதம் சரியாகப் போட்டு 58 வரை கொண்டுபோகிறார்கள், அதனால் வேலை செய்கிறது. பெயர் ஒன்றே என்றாலும் பதம் கெட்டால் கத்தி கெட்டது.

புதுமடக்கு:
சமையலறையில் ஒரு கருவி இருக்கிறது, இரண்டு சக்கரத்துக்கு நடுவில் கத்தியை விட்டு இழுப்பது. அதில்தான். பிறகு இங்கே படித்துவிட்டு ஒரு கல் வாங்கினேன், 15 டிகிரி வைத்து அதிலும் தேய்த்தேன். கூர் வரவில்லை என்றால் மறுபடி அந்தக் கருவியில் இரண்டு இழு இழுப்பேன், உடனே வந்துவிடும்.

சாணைக்கல்:
சரி, இப்போதுதான் விஷயமே வெளியே வருகிறது.

அந்த இழுப்புக் கருவி விளிம்பைத் தீட்டுவதை விடக் கிழிப்பதுதான் அதிகம். விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பிசிறு நேராக நிற்கிற வரை காகிதம் அருமையாக அறுபடும். அட்டையில் பட்டதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், இல்லை உடைந்து போகும். நீங்கள் முதலில் எழுதியதைத் திரும்பப் படியுங்கள்: காகிதத்தில் அபாரம், இரண்டு மூன்று பெட்டியில் காலி. பிசிறுக்கே உரிய லட்சணம் அது. எஃகு தேய்ந்து மழுங்குவது இவ்வளவு திடீரென்று நடக்காது, படிப்படியாகக் குறையும்.

கல்லில் ஏன் கூர் வரவில்லை என்பது அடுத்தது. மார்க்கர் பேனாவால் விளிம்பின் இரண்டு பக்கமும் மை பூசுங்கள். கல்லில் நாலைந்து முறை தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சம் இருக்கிறது? எனக்குப் படுவது இதுதான்: விளிம்பின் பழைய சரிவு 20 டிகிரிக்கு மேல் இருக்கும், நீங்கள் 15 வைத்துத் தேய்ப்பதால் கல் சரிவின் மேல்தோளை மட்டும் தின்கிறது, நுனியைத் தொடவே இல்லை.

15 டிகிரி என்று எப்படி அளந்தீர்கள்? அலகின் அகலம் 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முதுகைக் கல்லிலிருந்து 4 மி.மீ. தூக்கினால் சுமார் 15 டிகிரி, 5 மி.மீ. தூக்கினால் 20-ஐ ஒட்டி வரும். இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். தோராயமாகத் தூக்கினால் எந்த எஃகும் கூர் ஏறாது.

பொறி பறக்குது:
யாரும் சொல்லாத இன்னொரு காரணம் இருக்கிறது. கம்பெனியில் விளிம்பு போடும்போது தண்ணீர் இல்லாமல் பெல்ட்டில் தேய்த்தால் நுனி மட்டும் சூடேறிப் பதம் இறங்கிவிடும். 1095 போன்ற எஃகுக்கெல்லாம் கடைசிப் பதம் 200 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் வைப்பார்கள். நுனி காகிதத்தை விட மெல்லியது, அந்தச் சூடு ஏற ஒரு கணம் போதும். புதுக் கத்தி எவ்வளவு தீட்டினாலும் நிற்கவில்லை என்றால் பொறுமையாக நாலைந்து முறை கல்லில் தீட்டி அந்தச் செத்த இரும்பை எடுத்துவிட வேண்டும். அடியில் நல்ல எஃகு இருக்கும். முதல் தீட்டலிலேயே எஃகைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் திட்டுகிறார்கள்.

வனேடியம் வேலு:
நடப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் தீட்டுகிறவர் தலையில் கட்டுகிறீர்களே? கேட்ரா சோதனை என்று ஒன்று இருக்கிறது. 5 சதவீதம் சிலிக்கா கலந்த அட்டையை இயந்திரம் வெட்டிக்கொண்டே இருக்கும். தீட்டுகிறவர் கை அங்கே இல்லை, எல்லா அலகும் ஒரே கோணம். அதில் எஸ்90வி எங்கே நிற்கிறது, 420எச்சி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்தில்கூட வராது.

ஓரக்கண்:
அதே சோதனையில் கோணத்தைக் குறைத்தால் என்ன ஆகிறது என்பதையும் பாருங்களேன். ஒரே எஃகு, விளிம்பை மெல்லியதாக்கினால் வெட்டும் அளவு தாவி ஏறுகிறது. பழைய பாணி மடக்குக் கத்தியின் பலமே அங்கேதான் இருக்கிறது. முதுகு தடித்த டாக்டிகல் கத்தி மாதிரி இல்லை, விளிம்புக்கு மேலே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த மெல்லிய அலகில் எஸ்90வி போட்டால் கொஞ்சம் முறுக்கினாலும் நுனி சில்லுச் சில்லாகப் போகிற பயம் உண்டு, அது அடியையும் முறுக்கையும் உடையாமல் தாங்குகிற எஃகு இல்லை. பவுடர் ஸ்டீல்தான் வேண்டும் என்றால் 2021-இல் வந்த மேக்னாகட் என்ற எஃகு இந்த வடிவத்துக்கு ஒத்துவரும். குரோமியம் கார்பைடே இல்லாதபடி வடிவமைத்தது, துருவையும் தாங்கும், சட்டென்று உடையவும் உடையாது.

கார்பன் காதலன்:
இரண்டும் வேண்டாம் என்கிறேன். புதுக் கார்பன் கத்தி வெள்ளையாக வருகிறது. எலுமிச்சை, வெங்காயம், ஆப்பிள் என்று வெட்ட வெட்ட நீலம், சாம்பல் என்று நிறம் ஏறுகிறது. அந்த நிறப்படலம்தான் பட்டினா. உங்கள் பட்டினா வேறு, என் பட்டினா வேறு. எஸ்90வி பத்து வருஷம் கழித்தும் முதல் நாள் மாதிரியே இருக்கும், அதில் என்ன ரசனை?

வனேடியம் வேலு:
ஆப்பிளில் கறுப்புக் கோடும் இரும்பு வாடையும் ஏறுவதுதான் ரசனையா?

கார்பன் காதலன்:
பட்டினா நன்றாகப் படிந்தபின் அது வராது. முதல் சில வாரம்தான். அவசரம் என்றால் அலகைச் சூடான வினிகரில் நனைத்து எடுங்கள்.

பொறி பறக்குது:
பட்டினா துருவைக் குறைக்கும், தடுக்காது. ஈரத்தோடு மடக்கிப் பையில் போட்டால் மூட்டுக்குள் செந்துரு பிடிக்கும், வெளியே எவ்வளவு நீலம் இருந்தாலும் சரி. துடைத்து ஒரு சொட்டு மினரல் எண்ணெய் விட வேண்டும். சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசின் மாதிரி இறுகிவிடும்.

பழைய இரும்பு:
மூட்டு என்றதும் ஞாபகம் வந்தது. பூட்டு இல்லாத மடக்குக் கத்தியில் அலகைப் பிடித்து வைப்பது பின் ஸ்பிரிங். திறக்கும்போது பாதியில் நிற்கிறதே, முழுதாகத் திறந்ததும் டக் என்று விழுகிறதே, ஸ்பிரிங்கும் அலகின் அடியும் உரசுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மடக்கிய நிலை, பாதித் திறப்பு, முழுத் திறப்பு மூன்றிலும் ஸ்பிரிங் லைனரோடு ஒரே மட்டத்தில் நின்றால் செய்தவனுக்குக் கும்பிடு போடலாம். உங்கள் எஸ்90வி-க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அலகை மட்டும் மாற்றி விலையை ஏற்றுகிறார்கள், மூட்டு ஆடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இது புரியாதவர்களோடு பேசிப் பயன் இல்லை.

வனேடியம் வேலு:
ஐயா, ஸ்பிரிங் நன்றாக இருந்தால் அலகு சுமாராக இருக்கலாம் என்று எந்த விதி சொல்கிறது? இரண்டும் நன்றாக இருக்கக் கூடாதா? நீங்கள் விரும்புகிற அந்தக் காலத்துக் கத்திக்காரர்களும் அவர்கள் காலத்தில் கிடைத்த நல்ல எஃகைத்தான் போட்டார்கள். இன்று இருந்தால் அவர்களே பவுடர் ஸ்டீல் போட்டிருப்பார்கள்.

ஓரக்கண்:
போட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். பழைய பாணி அலகுக்குக் கண்ணாடி மாதிரி பாலிஷ் வேண்டும், வனேடியம் கூடக்கூட அந்தப் பாலிஷ் ஏறுவது கஷ்டம். மெருகு போடுகிற கல்லை விடக் கார்பைடு கடினமாக இருந்தால் எப்படி ஏறும்? அதனால்தான் எஸ்90வி அலகுகள் பெரும்பாலும் சாட்டின் என்கிற மெல்லிய கோடுகளோடு வருகின்றன. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பழைய கத்தியின் முகம் மாறிவிடுகிறது, அதை விரும்புகிறவர் விரும்பட்டும்.

கார்பன் காதலன்:
அப்புறம் இன்னொன்று. இந்த எஸ்90வி மடக்குக் கத்திகளில் எத்தனை பெட்டியை விட்டு வெளியே வருகின்றன? எண்ணெய் தடவி டிராயரில் வைத்துவிட்டு விவாதத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். டிராயரில் கிடக்கும் கத்திக்கு 420எச்சி-யே தாராளம்.

வனேடியம் வேலு:
உங்கள் 1095-ம் டிராயரில்தானே நீலமாகிக்கொண்டிருக்கிறது.

சாணைக்கல்:
இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் மை பூசிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. புதுமடக்கு, இருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எஸ்90வி வாங்குவதாக இருந்தால் வைரக் கல்லும் சேர்த்து வாங்க வேண்டும், உங்களிடம் இருக்கும் சாதாரணக் கல் அதில் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக் கருவியில் அதை விட்டுவிடாதீர்கள், நுனி பெயர்ந்துவிடும்.

புதுமடக்கு:
மை பூசினேன். மேலே போய்விட்டது, நுனியில் கோடாக மிச்சம். கொஞ்சம் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பிசிறு வரும்வரை தீட்டினேன், அப்புறம் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இழுத்தேன். இப்போது நிறையப் பெட்டி ஆகிவிட்டது, இன்னும் காகிதம் அறுக்கிறது. நன்றி.

எஸ்90வி-யும் ஆர்டர் போட்டுவிட்டேன்.

பழைய இரும்பு:
பிறகு எதற்கு இத்தனை பேர் உட்கார்ந்து எழுதினோம்?

வனேடியம் வேலு:
வாழ்த்துகள் ப்ரோ! படம் போடுங்கள்.

சாணைக்கல்:
நல்லது. தோல் பெல்ட்டில் இழுக்கும்போதும் முதுகை அதே உயரத்தில் வையுங்கள், அதிகம் தூக்கினால் நுனி உருண்டுவிடும். வைரக் கல் வாங்கினீர்களா?

கார்பன் காதலன்:
அந்தப் பழைய கத்தியை விற்கிற எண்ணம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பவும். எலும்புப் பிடி என்றீர்களே, என்ன நிறம்?

ஓரக்கண்:
புதுமடக்கு, வைரக் கல் கேள்விக்குப் பதில் வரவில்லை.