மாருதி 800: ஏற்காடு மலையில் மட்டும் ஹீட் ஆகிறது. ஹெட்டைப் பிரிக்கலாமா?

சேலம்_800:
வணக்கம். எங்கள் வீட்டு வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் மாடல், ஏசி கிடையாது. அப்பா வாங்கியது. அவர் போன பிறகு நான் வைத்து ஓட்டுகிறேன். விற்கிற எண்ணம் இல்லை.

ஊருக்குள் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. டெம்பரேச்சர் முள் கீழ்க்கோட்டை விட்டு எழும்புவதே இல்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் அம்மா, தங்கை, அவள் பையன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனேன். ஆறாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் முள் கிடுகிடுவென ஏறி, எட்டாவதில் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் நின்றோம். அதற்கு மேல் ஏற மனசு வரவில்லை, திரும்பிவிட்டோம். இறக்கத்தில் ஒன்றுமே இல்லை.

இன்னொரு விஷயம். ரேடியேட்டரில் வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. வண்டி நிற்கிற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

போன வருடம் ஒரு மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். இப்போது வேறொருவரிடம் காட்டினேன். ஒழுகாமல் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது, பிரித்துத்தான் ஆகவேண்டும் என்கிறார். பிரித்த பிறகு வண்டி பழையபடி இருக்குமா என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கோவை_பத்மினி:
முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். மேலே 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தை மூடி தாங்கினால்தான் உள்ளே தண்ணீர் 118 டிகிரிக்குப் பக்கத்தில் போகும் வரை கொதிக்காமல் இருக்கும். ரப்பர் வாஷர் காய்ந்துபோயிருந்தால் 100-லேயே கொதித்து ஆவியாகப் போய்விடும், கீழே ஈரமும் தெரியாது. அப்புறம், ஃபேன் ஓடுகிறதா?

சேலம்_800:
மூடி புதுசு, போன மாதம்தான் போட்டேன். ஃபேன் மலையில் நின்றபோது விடாமல் ஓடியது. ஊருக்குள் அது ஓடி நான் பார்த்ததே இல்லை.

பழைய_பட்டறை:
தம்பி, ஹெட்டில் கை வைக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முப்பத்தொரு வருஷம் பட்டறையில் இருந்தவன் சொல்கிறேன். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமலே பிரித்த ஹெட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அலுமினிய ஹெட் அது. ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பார்க்க, அதாவது அடிப்பக்கத்தைச் சமமாகத் தேய்க்கச் சொல்வார்கள். அவசியமில்லாமல் தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

நீங்கள் நல்லதென்று எழுதிய ஒரு வரியில்தான் எனக்குச் சந்தேகம். ஊருக்குள் முள் எழும்புவதே இல்லை என்கிறீர்கள். அது எழும்ப வேண்டும். தெர்மோஸ்டாட் என்பது 82 டிகிரி வாக்கில் திறக்கிற கதவு. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும். அது இல்லாததால் சாவி போட்ட நிமிஷத்திலிருந்து தண்ணீர் ரேடியேட்டர் வழியாகவே ஓடுகிறது. ஊருக்குள் இன்ஜின் தருகிற சூடு கொஞ்சம்தான். பாதி அடைத்த ரேடியேட்டர்கூட அதைச் சமாளித்துவிடும். நாலு பேரை ஏற்றி, இரண்டாவது கியரில் மலை ஏறும்போது சூடு பல மடங்கு. அப்போதுதான் ரேடியேட்டரின் உண்மை நிலை வெளியே வருகிறது. அதாவது உங்கள் ரேடியேட்டர் எப்போதோ அடைக்க ஆரம்பித்திருக்கலாம், தெர்மோஸ்டாட் இல்லாதது அதை ஒரு வருஷமாக மறைத்திருக்கிறது. மைலேஜும் குறைந்திருக்குமே?

கேஸ்கெட் சந்தேகத்தைக் காசு செலவில்லாமல் தீர்க்கலாம். காலையில் வண்டி ராத்திரி முழுக்க நின்று ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழ் வரும், அது உள்ளே மாட்டியிருந்த காற்று. விடாமல், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் வந்தால், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால், சிலிண்டர் புகைதான் தண்ணீருக்குள் வருகிறது. மறுநாள் காலையில் மூடியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிஷத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சுடவே இல்லை, அதற்குள் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அதுவும் கேஸ்கெட்தான். இரண்டும் இல்லையென்றால் அந்த மெக்கானிக் சொன்னதை மறந்துவிடலாம்.

ஆயில் மூடிக்குள் கொஞ்சம் வெள்ளையாக மோர் மாதிரி ஒட்டியிருந்தால் அதை வைத்து மட்டும் பயந்துவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் குளிர்ந்தே ஓடுகிற இன்ஜினில் ஈரம் சேர்ந்து அப்படி ஆகும்.

அடுத்து ரேடியேட்டர். ஒரு சுற்று நன்றாக ஓட்டி வந்து, இன்ஜினை நிறுத்தி, ஃபேனுக்குப் போகிற வயரைக் கட்டாயம் கழற்றிவிட்டு (இன்ஜின் நின்றிருந்தாலும் அது திடீரென்று சுற்றும்), ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை வைத்து வைத்து எடுத்துப் பாருங்கள். சூடு ஒரே சீராகக் குறைந்துகொண்டு போகவேண்டும். நடுவில் எங்காவது திட்டாக ஆறியிருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

தண்ணீர் குறைவதற்கு, டார்ச் அடித்து வாட்டர் பம்பின் அடிப்பக்கம் பாருங்கள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தால் வசதி. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு பொடி ஓட்டை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து, சூடான பிளாக்கில் பட்டு அங்கேயே காய்ந்துவிடும். தரைக்கு வரவே வராது. ஆனால் தடம் இருக்கும்.

சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீர்கள். பட்டறையில் சேர்ந்த முதல் மாதம் ஓர் அம்பாசடரில் நான் அதைச் செய்தேன். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு இன்னும் இருக்கிறது.

சேலம்_800:
ஐயா, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். குமிழ் முதல் நிமிஷத்தில் கொஞ்சம் வந்தது, அப்புறம் இல்லை. ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது. மைலேஜ் குறைந்ததும் உண்மை. கார்புரேட்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேடியேட்டரில் என் உள்ளங்கை அளவுக்கு இரண்டு இடம் ஆறியிருந்தது. சுற்றிலும் கை வைக்க முடியாத சூடு. அங்கே மட்டும் வெதுவெதுப்பு. பம்புக்கு அடியில் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெள்ளைத் தடம், பெல்ட் பக்கம் வரை போயிருக்கிறது. நாங்கள் ஊற்றுவது போர்வெல் தண்ணீர்.

பழைய_பட்டறை:
சரி, ஹெட் தப்பித்தது. அந்த வெள்ளைக் கோடும் ரேடியேட்டருக்குள் அடைத்திருப்பதும் ஒரே பொருள்தான், போர்வெல் உப்பு.

பம்பை மாற்றுங்கள், கூடவே அதைச் சுற்றுகிற பெல்ட்டும். ரேடியேட்டர் பித்தளையாக இருந்தால் தொட்டியைப் பிரித்து ராடு விட்டுச் சுத்தம் செய்கிற ஆளிடம் கொடுக்கலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்ததென்றால் புதுசு போடுவதே மேல். அதன் பிறகு தெர்மோஸ்டாட். போடுவதற்கு முன் நூலில் கட்டி, அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அடியில் படாமல் தொங்கவிட்டு, கொதி வருவதற்குள் திறக்கிறதா என்று பாருங்கள். புதுசையும் பார்க்கத்தான் வேண்டும். மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆணி மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி. பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் இனி ஒரு டம்ளர்கூட வேண்டாம்.

கோவை_பத்மினி:
ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். குறைகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சேலம்_800:
எல்லாம் முடிந்தது. ரேடியேட்டர் பித்தளைதான். தொட்டியைப் பிரித்தபோது கூடவே இருந்தேன். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் காவி நிறத்தில் கெட்டியாக அடைத்திருந்தது. ராடு விட்டவர் தட்டிக் கொட்டியது இரண்டு கைப்பிடி இருக்கும்.

இப்போது ஊருக்குள் பத்து நிமிஷத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கிறது. முதல் நாள் அதைப் பார்த்தே பயந்து வண்டியை நிறுத்திவிட்டேன். நேற்று அதே நாலு பேரோடு ஏற்காடு போனேன். இருபதாவது வளைவு வரை முள் நடுவை விட்டு நகரவில்லை. மேலே போய் நிறுத்தியதும் ஃபேன் ஓடியது, இரண்டு நிமிஷத்தில் நின்றது.

மார்க்கர் கோடு போட்டு இன்றோடு ஒன்பது நாள். தண்ணீர் கோட்டிலேயே இருக்கிறது.