கணவர் மறைந்தபின் மீண்டும் கோவிலுக்குப் போன நாட்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பாளை சகோதரி எழுதுகிறார்:

அடக்க ஆராதனையைப் பற்றியோ, அதற்குப் பின் வீடு நிறைய வந்து குவிந்த ஆறுதல் வார்த்தைகளைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. அவற்றை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். என் மனத்தை இன்றும் அரித்துக்கொண்டிருப்பது, சங்கச் சந்தா (குடும்பமாகச் சபைக்குச் செலுத்தும் பணம்) கட்டப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் இருந்தவரை, திருவிருந்து ஆராதனை முடிந்ததும் பக்க வாசலருகே மேசை போட்டு அமர்ந்திருக்கும் செயலரிடம் அவர்தான் பணம் கட்டுவார். நான் பிள்ளைகளோடு வெளியே நின்றுகொண்டிருப்பேன். அன்று நானே போய்ப் பணத்தை நீட்டினேன். செயலர் நல்ல மனிதர். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஆள் தேடி அலைந்தவரும் அவர்தான். பதிவேட்டைப் புரட்டி, குடும்பத் தலைவர் என்ற கட்டத்திலிருந்த என் கணவரின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே "தம்பி பேரு என்னம்மா?" என்று கேட்டு, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனின் பெயரை அதன் மேல் எழுதினார்.

இன்னும் திடப்படுத்தல் பெறாத, திருவிருந்தில் அப்பம் வாங்கக்கூட உரிமையில்லாத பையன் எங்கள் குடும்பத்தின் தலைவனானான். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக வேலை பார்த்து, அந்தச் சந்தாப் பணத்தைச் சம்பாதித்தவள் நான். அன்றிரவு குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, "இனிமே நான்தான் ஜெபம் பண்ணணுமாம்மா?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான். நானே வேதத்தை எடுத்து வாசித்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் ஜெபத்தை நான்தான் நடத்துகிறேன். ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதேனும் நடந்திருக்கிறதா?

தூத்தூர்க் கடற்கரை எழுதுகிறார்:

ஒக்கியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று புயல் அடித்தபோது என் கணவர் கரையை விட்டுப் போய்ப் பல நாட்கள் ஆகியிருந்தன. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிற எங்கள் ஊர்ப் படகுகளுக்குக் கடைசி நேரத்து எச்சரிக்கை எட்டவே இல்லை. காணாமற்போனவர்களைத் தேடக் கோரி, குழித்துறை ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் ஊரோடு சேர்ந்து நானும் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்தோறும் அந்தோனியாரிடம் மன்றாடினேன். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்றுதானே சிறுவயதிலிருந்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

பிறகு, உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களுக்கும் அரசு 20 லட்சம் ரூபாய் கொடுக்க முடிவு செய்தது. அதற்கான தாள்களில் நான் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது, என் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ போட்டா அவன் வரமாட்டான்" என்றார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. படகுக்கு வாங்கிய கடனும் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 2 அன்று எல்லோரும் கல்லறையைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். எங்களுக்குக் கல்லறை கிடையாது. ஆகவே இறந்தவர்களுக்கான திருப்பலியில் வாசிக்க அவருடைய பெயரை எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுக்கிறேன். அதே திருப்பலிக்கு என் மாமியாரும் ஒரு தாள் கொடுக்கிறார். மகன் நலமாகத் திரும்பி வர வேண்டும் என்பது அதிலுள்ள கருத்து. பங்குத்தந்தை ஆண்டுதோறும் இரண்டையும் வாசிக்கிறார். ஒரே மனிதருக்காக, ஒரே பீடத்தில், இரண்டு விதமான மன்றாட்டு. அவர் எங்களில் யாரையும் திருத்தவில்லை என்பதற்காகத்தான் நான் இன்னும் அந்தக் கோயிலுக்குப் போகிறேன் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை எழுதுகிறார்:

பாளை சகோதரிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். செயலர் எந்தக் கெட்ட எண்ணத்துடனும் அப்படி எழுதியிருக்கமாட்டார். பதிவேட்டில் என்ன கட்டம் இருக்கிறதோ அதைத்தான் அவர் நிரப்புவார். நான் விதவையான காலத்தில் இதைவிடப் பெரிய காரியங்கள் நடந்தன. என் மகளின் நிச்சயதார்த்தத்தில் அவளுக்கு மாலை போட நான் எழுந்தபோது, என் சித்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சபையார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல விரும்பவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது வேறு. முதலாவது, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். வீட்டிலேயே இருந்தால் மனம் பழையதையே கிண்டும். இரண்டாவது, விடியற்காலையில் எழுந்து சங்கீதத்தை வரிசையாக வாசியுங்கள். பிடித்ததை மட்டும் பொறுக்கி வாசிக்கக் கூடாது. மூன்றாவது, லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் வருகிற அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனோடு ஏழு ஆண்டுகள் வாழ்ந்து, அதன்பின் தேவாலயத்தை விட்டு நீங்காமல் இரவும் பகலும் உபவாசித்து ஜெபித்தவள், குழந்தை இயேசுவைத் தன் கண்ணால் கண்டாள். நான் ஓய்வு பெற்றபின் ஓய்வுநாள் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஞாயிறு காலையில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று பார்க்க எனக்கு நேரமே இருப்பதில்லை. நீங்களும் ஆசிரியை, உடனே சேர்ந்துவிடுங்கள். பதிவேட்டை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

மதுரை வாசகி எழுதுகிறார்:

தலைமையாசிரியை அம்மா அவர்களின் வயதுக்கு மரியாதை கொடுத்தே எழுதுகிறேன். எனக்கு 38 வயது. அன்னாளைப் போல் இரு என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. அப்படி உபவாசித்து ஜெபித்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு யார் சோறு வடிப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

என் கணவருக்குப் புற்றுநோய். நாங்கள் அப்போது போய்க்கொண்டிருந்த சபையில் சுகமளிக்கும் ஜெபம், உபவாச ஜெபம், எண்ணெய் பூசுதல் எல்லாம் நடந்தன. அவர் இறந்து சில நாட்களில் அந்தச் சபையின் மூத்த சகோதரி ஒருவர் டிபன் கேரியரில் இட்லி எடுத்துக்கொண்டு வந்தார். அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி என் மேசைமேல் வைத்துக்கொண்டே, என் இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் நிற்க, "எங்கேயாவது ஒரு அவிசுவாசம் இருந்துச்சா, யோசிச்சுப் பாரும்மா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் கேரியரைக் கழுவித் துடைத்து, ஒரு கைப்பிடிச் சர்க்கரைகூடப் போடாமல், வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன். நம் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

பிடித்த சங்கீதத்தை மட்டும் பொறுக்கி வாசிக்கக் கூடாது என்கிறீர்கள். நான் 88ஆம் சங்கீதத்தை மட்டுமே நெடுங்காலம் வாசித்தேன். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் எங்காவது ஒரு துதி வந்துவிடும். இதில் வராது, இருளிலேயே முடியும். இப்படி ஒரு ஜெபத்தையும் வேதத்துக்குள் விட்டுவைத்திருக்கிற தேவனிடம் நான் பேசலாம் என்று தோன்றியது. இப்போது வேறொரு சபைக்குப் போகிறோம். பிள்ளைகள் பாடகர் குழுவில் இருக்கிறார்கள்.

மூன்று ஓலை எழுதுகிறார்:

அன்னாளைப் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அதே புதிய ஏற்பாட்டில், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், விதவைகளின் கூட்டத்தில் சேர்க்கப்படுகிறவள் 60 வயதுக்குக் குறையாதவளாக இருக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். இளவயது விதவைகள் மறுபடியும் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்பதே தம் விருப்பம் என்றும் அடுத்த சில வசனங்களிலேயே சொல்கிறார். இந்தப் பகுதியை வைத்து ஒரு பிரசங்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

என் இரண்டாம் திருமணத்துக்கு ஓலை (ஆராதனையில் சபையாருக்கு வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கப்பட்டபோது நான் கோவிலில்தான் இருந்தேன். மணமகனின் பெயர், சபை, அதன்பின் என் பெயர், அதற்கு முன்னால் "கைம்பெண்ணாகிய" என்ற சொல். அவரும் மனைவியை இழந்தவர்தான். அதையும் சேர்த்தேதான் வாசித்தார்கள். ஆனால் பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பியது என் பெயருக்குத்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், என் முதல் கணவரின் உறவினரான ஓர் அம்மாள் என்னை நிறுத்தி, "அப்ப உயிர்த்தெழுதல்ல நீ யாருக்குப் பெண்சாதியா இருப்ப?" என்று கேட்டார். "இந்தக் கேள்வியைச் சதுசேயர் ஏற்கெனவே கேட்டுப் பதிலும் வாங்கிவிட்டார்கள், அத்தை" என்று சொன்னேன். சொன்ன நொடியில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர் வாதாடுவதற்காகக் கேட்கவில்லை, இறந்துபோன தம் தம்பி மகன் தனியாக நிற்பானோ என்ற கவலையில் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முதல் கணவரின் படம் இப்போதும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது; அதை மாட்டியவர் என் இப்போதைய கணவர். அந்த அத்தையை ஒருநாள் அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.

நாகர்கோவில் வங்கி ஓய்வாளர் எழுதுகிறார்:

ஆன்மிகம் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என் மாமியார் விதவையானபோது எங்கள் பகுதியில் 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன்படி கணவனின் நிலத்தில் விதவைக்கு ஆயுட்கால அனுபவம் மட்டுமே, மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். கரம் (நிலவரி) தீர்த்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் கரம் கட்டுறேன், ஆனா எனக்குச் சொந்தமில்லையா?" என்று அவர் என்னைக் கேட்டது நினைவிருக்கிறது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்பது உறுதியானது.

யாரும் கேட்கவில்லை என்றாலும், சகோதரிகள் எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அந்தச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் வழி வாரிசுகள் இல்லாமல் மற்ற இரத்த உறவினர்கள் மட்டும் இருந்தால் மனைவிக்குப் பாதி. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் மாமியாரின் பெயரும் வரும். பிள்ளைகள் இருக்கும்போது அதனால் அவருக்குச் சொத்தில் பங்கு வந்துவிடாது. வங்கிக் கணக்கில் நியமனதாரராக (நாமினியாக) இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாமே தவிர, அதனாலேயே உரிமையாளராகிவிடமாட்டார். கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்து வருங்கால வைப்பு நிதியும் இருந்திருந்தால், நிதிக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுத் தொகைக்கு 5ஐஎஃப் என்று மூன்றையும் கொடுக்க வேண்டும். அந்தக் காப்பீடு அதிகபட்சமாக 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முதல் படிவத்தோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறவர்கள் அநேகர். மூன்று ஓலை சகோதரி கவனிக்க: வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் விதவைக்குத் தரும் ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும்.

மூன்று ஓலை எழுதுகிறார்:

நின்றது தெரியும், ஐயா. ஓலை கொடுப்பதற்கு முன்பே கணக்குப் பார்த்துவிட்டோம்.

பாளை சகோதரி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. வாரிசுச் சான்றிதழும் படிவங்களும் முடிந்துவிட்டன. நான் கேட்டது ஒரு கட்டத்தைப் பற்றி. அரசாங்கத்துத் தாள்களில் என் பெயர் முதலில் வருகிறது, சபையின் பதிவேட்டில் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் நான் ஏற்கெனவே பாடம் நடத்துகிறேன், அம்மா. அடுத்த சந்தாவின்போது, என் பெயரை எழுதினால்தான் கட்டுவேன் என்று செயலரிடம் சொல்லப் போகிறேன். மறுத்தால் சேகர குருவானவரிடம் எழுத்தில் கொடுப்பேன்.

தூத்தூர்க் கடற்கரை எழுதுகிறார்:

வங்கி ஐயா அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் முதல் தாள் இறப்புச் சான்றிதழ். ஒக்கியில் போனவர்களுக்கு அரசு விதிவிலக்குக் கொடுத்தது. சாதாரண நாளில் தொழிலுக்குப் போய் உடல் கிடைக்காமற் போனால், ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கருதலாம் என்கிறது சாட்சியச் சட்டம். எங்கள் அன்பியத்தில் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் குழு) அப்படி ஒரு பெண் இருக்கிறாள்; கணவரின் கணக்கிலுள்ள பணத்தை எடுக்க முடியாமல் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். நியமனதாரராக அவளுடைய பெயர்தான் இருக்கிறது. அந்த ஏழு ஆண்டுகளுக்குள் அவள் எந்த அலுவலகத்தில் என்ன மனுக் கொடுக்கலாம் என்று தாங்கள் எழுதினால், வருகிற கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.