மேல் வீட்டு நீர்க்கசிவு: நோட்டீஸ் அனுப்பி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில், பந்திங்கில் எங்கள் பிளாட்டின் ஜேஎம்பி (கட்டடத்தைப் பராமரிக்கும் கூட்டு நிர்வாக அமைப்பு) கமிட்டியில் இருக்கிறேன். இங்கே பாதிக் குடும்பங்கள் தோட்டத்திலிருந்து வந்தவை.

தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மேல் வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டுவிட்டு சிங்கப்பூரில் வேலை செய்கிறார். பராமரிப்புக் கட்டணமும் பாக்கி. போன் எடுப்பதே இல்லை.

2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி வீடுகள்) நிர்வாகச் சட்டப்படி, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை கோளாறு மேல் வீட்டில்தான் என்று கொள்ளப்படும். புகார் வந்து 7 நாளுக்குள் நாங்கள் சோதித்து, பாரம் 28 (சோதனைச் சான்றிதழ்) கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டோம். பராமரிப்புக் கட்டணப் பாக்கிக்கு பாரம் 11 என்ற நோட்டீஸ் அனுப்ப வேண்டும்; கட்ட 14 நாள் கெடு. சரி, ஆள் வெளிநாட்டில் இருந்தால் அதை எந்த முகவரிக்கு அனுப்பினால் செல்லும்? வாடகைக்கு இருப்பவர் கையெழுத்திட்டு வாங்கினால் போதுமா?

தாங்களே பழுதுபார்த்துச் செலவை உரிமையாளரிடம் வசூலித்த கமிட்டி யாராவது உண்டா? ஸ்ட்ராத்தா டிரிபியூனலுக்கு (அடுக்குமாடி வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) போனவர்கள் என்னென்ன ஆதாரம் கொண்டுபோனீர்கள்?

சிலர் மேல் வீட்டுத் தண்ணீரை வெட்டச் சொல்கிறார்கள். அங்கே கைக்குழந்தை இருக்கிறது, வாடகையும் ஒழுங்காகக் கட்டுகிறார்கள். அது அநியாயம், நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன் பதில் கிடைத்தால் பெரிய உதவி.