பொருள்: ‘பிலிம் தட்டைமை’க்குப் பதில் ‘படிமானம்’?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் புகைப்படக் கலைச்சொல் பட்டியலில் ‘பிலிம் தட்டைமை’ (film flatness) என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்கிறேன். காரணம் என்னுடைய ஹொரைசான் 202, வில்லை (லென்ஸ்) சுழன்று அகலப் படமெடுக்கும் பிலிம் காமிரா.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவைப் படமெடுக்கப் போயிருந்தேன். முற்றத்தைச் சுற்றி நிற்கிற தேக்குத் தூண்கள் அத்தனையும் ஒரே படத்தில் விழ வேண்டும்; இந்தக் காமிராவுக்கு 120 பாகைப் பார்வை. உள்ளே வெளிச்சம் குறைவு, அதனால் வில்லைத் துளையை f/2.8க்குத் திறந்து வைத்தேன். கழுவிப் பார்த்தால் இடது கோடியிலிருந்து நடு வரை கத்தி மாதிரி கூர்மை. வலது கோடியில் இரண்டு தூண்கள் மட்டும் மசமசவென்று கிடந்தன.

வில்லைமேல் பழி போட முடியாது. 28 மி.மீ. வில்லை, குவியம் நிலையானது, திருக வளையமே கிடையாது. தப்பு நான் பிலிம் மாட்டியதில். இதில் பிலிம் வில்லாக வளைந்து கிடக்கும். உருளையோடு வில்லை சுழன்று, ஒரு பிளவு வழியாக 58 மி.மீ. நீளப் படத்தைத் தீட்டிக்கொண்டே போகும். பிலிமை இரண்டு பக்கமும் சின்ன உருளிகளுக்கு அடியில் செருக வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கம் மேலாகவே விட்டுவிட்டேன். அங்கே மட்டும் தூக்கிக்கொண்டது.

வளைந்து கிடப்பதைப் போய்த் ‘தட்டை’ என்றால் எப்படி? எக்ஸ்பான் என்ற, வில்லை சுழலாத அகலப்படக் காமிராவில் பிலிம் நேராக நிற்கும், அங்கே அந்தச் சொல் சரி. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, பிலிம் தன் தடத்தில் ஒட்டி உட்காருவது. புதுக் கண்டாங்கி கட்டும்போது எங்கள் ஆத்தா ‘கொசுவம் படிமானமா வரலையே’ என்பார்கள். நான் தேடிய சொல் அதுதான்.

*

> நான் தேடிய சொல் அதுதான்.

தம்பி, சொல் நன்று. ஆனால் ‘படிமம்’ ஏற்கெனவே பிம்பத்துக்குப் போய்விட்டது. பக்கத்திலேயே ‘படிமானம்’ வந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். ‘படிவு’ போதாதா?

*

ஐயா, படிவு என்றால் குளத்து வண்டல்தான் நினைவுக்கு வருகிறது. பிலிமில் எதுவும் படிந்துவிடக் கூடாது என்றுதானே பொத்திப் பொத்தி வைக்கிறோம்! ‘பிலிம் படிமானம்’ என்று சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது. ‘மூடி போடுமுன் படிமானம் பார்’ என்று மாட்டும் குறிப்பில் போடலாம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

*

சரி, சேர்த்தே எழுதுங்கள். தட்டைமையையும் அழிக்க வேண்டாம், நேர்த்தடக் காமிராவுக்கு மட்டும் என்று குறித்துவிடுங்கள். அப்புறம், உருளை நடுவில் தயங்கினால் படத்தில் செங்குத்தாக ஒரு பட்டை விழுமே, அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?