முல்லைத்தீவுக் கரையில் ஒரு படக்கதை வகுப்பு

தரம் 7, 8 பிள்ளைகளுக்குப் படம்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னால், "எத்தனை கமரா இருக்கிறது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். முல்லைத்தீவுக் கரையோரத்தில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் இருப்பது ஒரு பழைய கமராவும், கொரோனா காலத்தில் இணையவழிப் படிப்புக்கென்று பெற்றோர் கடன்பட்டு வாங்கிய கைத்தொலைபேசிகளும்தான். கண்ணாடியில் கீறல் விழாத தொலைபேசி அரிது. அதை நான் பெரிய குறையாக நினைத்ததில்லை.

தொடக்கம் பால்மாப் பேணியில். அடியில் ஆணியால் சிறு துளை, வாயில் எண்ணெய் தடவிய தாள். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தால் முற்றத்துப் பனை தலைகீழாகத் தெரியும். ஊசித்துளைக் கமராவைக் கொப்பியில் வரைந்து புள்ளி வாங்கிய பிள்ளைகள்தான். ஆனாலும் கூச்சல் அடங்க நேரமாகும். ஒளி நேர்கோட்டில் போவதால் பனை உச்சியின் கதிர் துளை வழியே கீழே போய் விழுகிறது என்பதைப் பிறகு அவர்களே சொல்லிவிடுவார்கள். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், உருவம் கலங்கும் என்பதைக் கண்டுபிடிப்பது, பொறுமையில்லாமல் ஆணியை ஓங்கி அடிக்கிற பையன்.

அடுத்தது கதை. விட்டுவிட்டால் எல்லாப் படத்தையும் ஒரே தூரத்தில் நின்று எடுப்பார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்வார்கள். அதனால் முதற்பயிற்சியில் யாரும் கமராவைப் பார்க்கக் கூடாது. தூரத்திலிருந்து ஒரு படம், இடம் தெரிவதற்கு. கொஞ்சம் நெருங்கி ஒன்று, யார் என்ன செய்கிறார்கள் என்பதற்கு. கிட்டப்போய் ஒன்று: கை, கயிறு, முடிச்சு.

கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பதுதான் கரைவலை. அதை எடுக்கப் போனோம். இங்கே சூரியன் கடலிலிருந்து எழும்புவதால், காலையில் கரைப்பக்கம் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் ஆட்கள் எல்லோரும் கறுத்த நிழல்களாகிவிடுவார்கள். முகத்தின்மேல் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டலாம். ஆனால் வானம் வெளுத்துப்போகும். பிள்ளைகள் சாரத்தையும் பாவாடையையும் உயர்த்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டுக் கரையைப் பார்த்து எடுத்தார்கள். தொலைபேசியின் சொந்தக்காரர்கள் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

ஒரு பிள்ளை மட்டும் எங்களோடு வரவில்லை. யாருமில்லாத ஓரிடத்தில் போய் நின்றாள். "ரீச்சர், நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, மடி இங்கேதான் ஏறும்" என்றாள். தகப்பனும் மாமன்மாரும் வலை இழுப்பவர்கள். மடி என்பது வலையின் நுனியில் மீன் சேரும் பை. அது அவள் சொன்ன இடத்திலேயே கரையேறியது. பையைத் தூக்கும் கைகளும் சிதறும் நீரும் அவளுடைய படத்தில் மட்டுமே இருந்தன. விலை உயர்ந்த கமராவோடு வெளியூரிலிருந்து வருபவருக்கு அந்த இடம் தெரியாது. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னிக்குள் எத்தனையோ கமராக்கள் வந்து போயின. அவற்றில் பல, அழுகிற கிழவியைத் தேடி வந்தவை என்பது என் எண்ணம். பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள்; வயதானவர்களை எடுக்கச் சொன்னால், "அம்மம்மா, கொஞ்சம் கவலையாக இருங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் நான் கண்டிப்பானவள். கேட்டு எடு, எடுத்ததைக் காட்டு, வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடு.

வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டுவரச் சொல்லும் பயிற்சியை இங்கே அப்படியே செய்ய முடியாது. இடம்பெயர்வில் அல்பங்களோடு வந்து சேர்ந்த வீடுகள் குறைவு. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்டு மாலை போட்டிருப்பதுதான் பல வீடுகளில் இருக்கும் ஒரே படம். எனவே வீட்டில் யாரும் எறிய விடாத ஒரு பொருளை எடுத்து வரச் சொல்வேன். ஒருவன் பூட்டில்லாத திறப்பு ஒன்றை எடுத்திருந்தான். என்ன கதை என்று கேட்டேன். "அப்பப்பா சொல்லமாட்டார்" என்றான். அதையே படத்தின் கீழே எழுதச் சொன்னேன்.

கரைவலைப் படங்களை அச்சிட்டு, பாடசாலை மண்டபத்தில் கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டோம். பார்க்க வந்த சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர், வரிசையின் நடுவில் நின்றுவிட்டார். "மடிக்குள்ளே நெத்தலி கிடக்கிறது, அடுத்த படத்தில் கூடைக்குள்ளே சூடை. எப்படி மாறியது?" கூடைப் படம் வேறொரு நாள் எடுத்தது. கதைக்கு முடிவு வேண்டுமென்று பிள்ளைகள் சேர்த்திருந்தார்கள். அதைக் கழற்ற வேண்டும் என்று பாதிப் பேர். மீன் மீன்தானே என்று மீதிப் பேர். சம்மாட்டி சிரித்துக்கொண்டு போய்விட்டார், சண்டை ஓயவில்லை. கடைசியில் மடியைப் படம்பிடித்தவள் பேனாவை எடுத்து, கூடைப் படத்தின் மேல் மூலையில் "இன்னொரு நாள்" என்று எழுதினாள். கழற்றச் சொன்னவர்களுக்கு அது இன்னும் திருப்தியில்லை.