அரை மணி நேரத்தில் வீட்டுச் சமையல்: முடியுமா, இல்லை வெறும் பேச்சா?

அடுப்பங்கரை:
நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் இரண்டு பேர். மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்குள் பாக்கெட் சூப் கிடையாது, சூடாக்கிச் சாப்பிடும் தயார் உணவு கிடையாது. பச்சைக் காய், பருப்பு, அரிசி, முட்டை என்று எல்லாமே முதலிலிருந்து நாங்களே சமைப்பதுதான். வேலை நாளில் அடுப்பு முன் அரை மணி நேரம் நின்றால் போதும். நேரமில்லை என்று சொல்வது பெரும்பாலும் சாக்கு என்பது என் கருத்து.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு ஓர் ஆய்வு செய்தது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. இதைப் படித்த பிறகு பிள்ளைகள் தட்டில் அந்தப் பாக்கெட்டைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரட்டைப்பணி:
அந்த ஆய்வு எனக்கும் தெரியும். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 20 பேரும் காய் நறுக்கவில்லை, பாத்திரம் கழுவவில்லை. ஆய்வு மையத்தின் சமையலறையில் ஆட்கள் சமைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். எதைச் சாப்பிட்டால் நல்லது என்பதற்கு அது பதில். யார் எப்போது சமைப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை.

அரை மணி நேரம் என்கிறீர்கள். கடிகாரத்தை எங்கே தொடங்குகிறீர்கள்? நேற்று நான் குறித்து வைத்தேன். காலையில் விட்டுப்போன பாத்திரங்களைக் கழுவி மேடையைக் காலி செய்ய 12 நிமிடம். கீரை ஆய்ந்து மூன்று தண்ணீரில் அலச 11 நிமிடம். கடைசித் தண்ணீரிலும் மண் இறங்கியது, விட முடியாது. வெங்காயம், தக்காளி, கேரட் நறுக்க 14 நிமிடம். இது வரைக்கும் அடுப்பே பற்றவைக்கவில்லை. சாக்கு என்ற சொல்லைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நறுக்குபலகை:
நான் தொழில்முறைச் சமையலில் 9 வருடம் இருந்தவன். இரட்டைப்பணி சொல்வது சரி. சமையல் குறிப்புகளில் போடும் நேரம் நம்பத்தக்கதல்ல. "பொடியாக நறுக்கிய வெங்காயம் இரண்டு கப்" என்று பொருள் பட்டியலில் எழுதிவிட்டால் நறுக்கும் நேரம் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. அடுத்து "வெங்காயம் நன்கு பழுப்பாகும் வரை 10 நிமிடம் வதக்கவும்" என்பார்கள். மிதமான தீயில் வெங்காயம் கண்ணாடியாக வதங்கவே 8, 10 நிமிடம் ஆகும். இனிப்பு வெளிவந்து ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்கு வர 40 நிமிடத்துக்குக் குறையாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே நிற்கும். இதைப் பார்த்துவிட்டு தனக்குச் சமையல் வராது என்று ஒதுங்கியவர்களை நான் அறிவேன். தப்பு அவர்கள் கையில் இல்லை.

அடுப்பங்கரை:
சரி, "சாக்கு" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாரையும் நோகடிக்க எழுதவில்லை.

ஆனால் வேலையின் வரிசையை மாற்றினால் நேரம் குறையும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை தண்ணீரைக் கொதிக்க வைப்பது. உடை மாற்றுவதற்குள் அது தயார். தோல் நீக்கி உடைத்த பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்புக்கு ஊறவைக்கும் வேலையே இல்லை, சாதாரணப் பாத்திரத்திலேயே சுமார் 20 நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் அழுத்தம் முழுதாக ஏறினால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் நிற்காமல் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் மணிக்கணக்கில் வேகும் கொண்டைக்கடலை சீக்கிரம் மசிகிறது. அப்புறம், விடுமுறை நாளில் ஒரு கிலோ வெங்காயத்தை மொத்தமாக வதக்கி, பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். வேண்டும்போது ஒரு துண்டு உடைத்துப் போட்டால் ஆயிற்று.

ஒரு வாரத்துக்கான குழம்பையும் சோற்றையும் ஞாயிறு அன்றே பெரிய பானையில் செய்து வைத்துவிட்டால் இன்னும் சுலபம்.

ஆய்வகத்தான்:
உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கடைசி வரியில் ஒரு ஆபத்து இருக்கிறது, சொல்லாமல் போக முடியவில்லை.

பெரிய பானையை அப்படியே மூடி ஆற வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமி பெருக அதுதான் தோது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்து நஞ்சைச் சுரக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் சமைத்ததை அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆற விடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மிச்ச உணவு அதில் மூன்று, நான்கு நாள் தாங்கும். சோற்றை மட்டும் நான் மறுநாளே தீர்த்துவிடுவேன். ஒரு வாரத்துக்கு வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான்.

ராஜ்மா சமைப்பவர்களுக்கு இன்னொன்று. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நஞ்சுப் புரதம் இருக்கிறது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்க விட வேண்டும். காலையில் போட்டுவிட்டுப் போகும் ஸ்லோ குக்கரில் சூடு அந்த அளவுக்கு ஏறாமல் போகலாம். அரைவேக்காட்டு ராஜ்மா பச்சையைவிட மோசம். நேரம் மிச்சப்படுத்தப் போய் குடும்பமே படுத்துவிடக் கூடாது.

இரட்டைப்பணி:
இதனால்தான் எனக்கு டின் பிடிக்கும். வேகவைத்த ராஜ்மா டின்னைத் திறந்து, அலசி, தக்காளியோடு கொதிக்க விட்டால் 15 நிமிடத்தில் சாப்பாடு. அதைச் சமையல் என்று ஒப்புக்கொள்ள இங்கே பலருக்கு மனமில்லை.

அடுப்பங்கரை:
எனக்கும் மனமில்லை. டின், ஃப்ரீசர் பட்டாணி எல்லாம் வந்துவிட்டால் அது முதலிலிருந்து சமைப்பது ஆகாது. இன்று டின் பீன்ஸ், நாளை டின் சாஸ், அடுத்த வாரம் முழுத் தயார் உணவு. அந்த வழுக்கலை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நறுக்குபலகை:
வழுக்கல் பயம் புரிகிறது. ஆனால் கோட்டைத் தவறான இடத்தில் போடுகிறீர்கள். நீங்கள் காட்டிய ஆய்வு உணவைப் பிரித்ததே நோவா என்ற வகைப்பாட்டின்படிதான்; எவ்வளவு பதப்படுத்தியது என்று பார்த்து உணவை நான்கு பிரிவாக்குவது அது. பிரேசிலில் கார்லோஸ் மான்டெய்ரோ குழு 2009இல் அதை முன்வைத்தது. அதில் எதுவும் சேர்க்காமல் உறையவைத்த காய், பச்சைக் காயோடு முதல் பிரிவிலேயே வருகிறது. உப்புத் தண்ணீரில் போட்ட டின் பயறு மூன்றாம் பிரிவு. 500 கலோரியைக் கூட்டியது நான்காம் பிரிவு, அதாவது ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தியது. நீங்கள் ஒதுக்கும் பட்டாணி உங்கள் ஆய்வின்படியே நல்ல பக்கத்தில் இருக்கிறது.

பட்டாணியைப் பறித்ததும் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி உறையவைக்கிறார்கள். கூடையில் நாலு நாள் வாடிய பட்டாணியைவிட அதில் வைட்டமின் சி அதிகமாகவே மிஞ்சியிருக்கலாம். உங்கள் ஃப்ரீசரில் தட்டையாகக் கிடக்கும் வெங்காயமும் உறையவைத்ததுதானே, அண்ணா?

இரட்டைப்பணி:
எனக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் அரை மணி நேரத்துக்கு முன்னாலும் பின்னாலும் அந்தச் சமையலறையில் இருப்பது யார்?

அடுப்பங்கரை:
பட்டாணிக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி அதைவிடக் கனமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். ராத்திரி கடலையை ஊறப் போடுவது என் மனைவி. காலையில் காய் அலசித் துணியில் பரப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார். சாப்பிட்ட பிறகு மேடை துடைப்பதும் பெரும்பாலும் அவர்தான். நான் அடுப்புப் பற்றவைப்பதிலிருந்து நேரம் எண்ணியிருக்கிறேன். நேற்று உட்கார்ந்து இருவரும் கூட்டிப் பார்த்தோம், ஒரு மணி பத்து நிமிடம் வந்தது. இந்த வாரத்திலிருந்து அலசுவதும் துடைப்பதும் என் வேலை.

அப்படியும் என் கட்சி மாறவில்லை. அந்த ஒரு மணி பத்து நிமிடமும் செலவிடத் தக்கது என்றே நினைக்கிறேன்.

இரட்டைப்பணி:
நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஒரு மணி பத்து நிமிடம் என்று முதலிலேயே எழுதியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

இன்று எங்கள் வீட்டில்: உடைத்த பருப்பு, ஃப்ரீசர் கீரை, டின் தக்காளி, மேலே ஆளுக்கு ஒரு அவித்த முட்டை. பருப்பு வேகும்போதே முட்டை பக்கத்து அடுப்பில். கீரையைக் கட்டியாகவே போட்டேன், ஐந்து நிமிடத்தில் கரைந்து பச்சை பரவியது. அடுப்பு 26 நிமிடம், எல்லாம் சேர்த்து 41. பாத்திரம் கழுவியது என் பெரிய மகன், அவனுடைய 9 நிமிடத்தையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.